ஒத்தைக் கைக்கு ஒரு போன்

எதைச் சொன்னாலும் பாதியிலேயே "சரி, சரி"ன்னு எழுந்து போயிடுற என் அத்தானுக்கு,

இந்தத் தடவை எழுந்து போக முடியாது. முழுசாக் கேளுங்க.

நீங்க பார்க்காத உங்க மகளுக்கு நாலு பல் வந்திருக்கு. தவழ்ந்து வாசல் வரைக்கும் போயிடுறா. பனி இறங்கினா நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்குது. சின்ன வயசில் உங்களுக்கு இருந்த அதே இளைப்புன்னு அத்தை சொல்றாங்க. வேற எதையாவது விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?

புதூர்ப் பக்கம் நல்ல மழை. கரிசல் ஈரம் பிடிச்சுருச்சு, விதைப்புக்கு அத்தை ஊருக்குக் கிளம்பிட்டாங்க. இனி இந்தக் கோவில்பட்டி வீட்டில் நானும் பாப்பாவும் மட்டும்தான்.

ஓட்டப்பிடாரம் ரோட்டில் வண்டி சரிஞ்ச அன்னைக்கு உங்க போனில் ஒரு கீறல்கூட இல்லை. நீங்க போயிட்டீங்க. எனக்கு வலது தோளில் நரம்பு அறுந்துபோச்சு. கை இருக்கு, ஈரத் துணி மாதிரி தொங்குது. மிச்சமிருக்கிற இடது கையால் பாப்பாவைத் தூக்கிட்டா, போனைத் தொட எனக்குக் கை கிடையாது.

அதைத்தான் உங்க அக்கா பிடிச்சுக்கிட்டாங்க.

"ஏட்டி, ஒத்தையில இருக்கப்போற. புள்ளைக்கு மூச்சு இழுத்தா ஒரு போன் போட ஏலுமா உன்னால? எங்க வீட்டுல விட்டுரு. நீ வேணும்னா வந்து பாத்துட்டுப் போ."

வேணும்னா வந்து பாத்துட்டுப் போவாம். பெத்தவகிட்ட சொல்றாங்க, அத்தான்! அத்தை ஊருக்குக் கொண்டுபோற பையைக் கட்டிக்கிட்டே இருந்தாங்க.

"எனக்கு ஏத்த போனா வாங்கிக்கிடுதேன் மதினி"ன்னேன்.

"வாங்கு. நானும் வாரேன். கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

போன் கடை பாய் நல்ல மனுஷர்தான். ஆனா கை விளங்காதுன்னதும் எல்லாரையும் போல அவரும் பெரிய போனாவே எடுத்து வச்சார். "ஸ்கிரீன் பெருசு தங்கச்சி, தொட வசதியா இருக்கும்."

"தொடுற கையில புள்ள இருக்குமே பாய்."

அப்புறம்தான் பேசினா கேக்கிற போனைக் காட்டினார். தன் கடை நம்பரை அதில் ஏத்தி, "சொல்லிப் பாருங்க"ன்னார். "கடைக்குப் போன் போடு"ன்னேன். மேசையில் மணி அடிச்சது! தூங்குற பாப்பாவைத் தோளில் போட்டபடி, ஒரு விரலைக்கூட அசைக்காம. எனக்குக் கண்ணு நிறைஞ்சுருச்சு.

மதினி பக்கத்தில் வந்தாங்க. கொஞ்சத்தான் வர்றாங்கன்னு நினைச்சேன். பாப்பா தொடையில் நறுக்குன்னு ஒரு கிள்ளு.

பாப்பா வீறிட்டா.

"இப்பப் போடு பாப்போம்."

"கடைக்குப் போன் போடு." போனில் வெளிச்சம் வந்தது, அணைஞ்சது. இன்னும் சத்தமாச் சொன்னேன். கத்தினேன். நான் கத்தக் கத்த பாப்பா அதுக்கு மேல கத்தினா. கவர் மாத்த வந்தவங்க வேலையை விட்டுட்டு என்னையே பார்த்தாங்க.

"வீட்டுல புள்ள சிரிச்சுக்கிட்டு கெடக்கும்போதா நீ போன் போடப்போற?"ன்னாங்க உங்க அக்கா.

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது. கிள்ளின இடம் கன்றிக் கிடக்கு. கேட்ட கேள்வி நியாயம். ரெண்டையும் ஒரே ஆளால் எப்படி அத்தான் செய்ய முடியுது?

அந்தப் போனைத் தள்ளி வச்சேன். "பக்கத்துப் பட்டனை அடுத்தடுத்து அமுக்கினா, குறிச்சு வச்ச நம்பருக்குத் தானாப் போகுமே பாய், அந்த வசதி உள்ளதுல சின்னதாக் காட்டுங்க. பட்டன் துருத்திக்கிட்டு இருக்கணும்." தேடி எடுத்தார். கயிறு கோத்து, குனிஞ்சா பல்லுக்கு எட்டுற மாதிரி கழுத்தில் மாட்டச் சொன்னேன்.

"மாட்டுக்கு மணி கட்டுன மாதிரில்லா இருக்கு!" மதினி சிரிச்சாங்க.

"எந்த நம்பர் வைக்கட்டும், தங்கச்சி?"

எங்கப்பா ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ் பிடிச்சு வரணும். அத்தை காட்டு வேலைக்குப் போனா போன் வீட்டில் கிடக்கும். கூப்பிட்ட உடனே ஓடி வரக்கூடிய தூரத்தில், ரெண்டு தெரு தள்ளி, ஒரே ஒரு ஆள்தான் இருக்காங்க. அந்த நம்பரைச் சொன்னேன். பாப்பா இன்னும் அழுதுக்கிட்டுதான் இருந்தா. குனிஞ்சு போனைக் கவ்வி, பட்டனைக் கடிச்சேன். திரும்பத் திரும்பக் கடிச்சேன்.

மதினியோட கைப்பைக்குள்ள மணி அடிச்சது. எடுத்துப் பார்த்தாங்க. சிரிப்பு நின்னுபோச்சு.

"எனக்கா வச்சிருக்க?"

"நீங்கதான மதினி சீக்கிரம் வருவீங்க."

பையை மூடிக்கிட்டுச் சொன்னாங்க: "வருவேன். ஆனா ஒண்ணு, நீ அப்படிக் கூப்பிட்டு நான் வந்தேன்னா, புள்ளையோடதான் திரும்புவேன். பெறகு வந்து கேக்கப்பிடாது."

எப்படிப்பட்ட போனை வாங்கியிருக்கேன் பாருங்க. அமுக்கினா பிள்ளை பிழைப்பா. அமுக்கினா பிள்ளை போயிடுவா.

பாப்பா இப்ப பக்கத்தில் தூங்குறா. ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கிட்டே, பழகாத கையால் கோணல்மாணலா எழுதுறேன். அத்தான், எனக்குக் காய்ச்சல் கொதிச்சாலும் சரி, வழுக்கி விழுந்தாலும் சரி, அந்தப் பட்டன் பக்கம் என் வாய் போகாது. ஆனா அவளுக்கு மூச்சு இழுத்தா ஒரு நொடி யோசிக்க மாட்டேன். கடிப்பேன். உங்க அக்கா தூக்கிட்டுப் போகட்டும். உயிரோட தூக்கிட்டுப் போகட்டும். இது உங்களுக்கு நான் தர்ற வாக்கு.

பாப்பாவோட அம்மா,
உங்க மாமன் மகள்.