கிண்ணம் திரும்பி வந்துவிட்டது

என் அன்பு அக்கா,

தேவாலயத்திலிருந்து நீங்கள் களவெடுத்ததாக ஊர் சொன்ன வெள்ளிக் கிண்ணம் இப்போது நம் சமையலறையில், அரிசி வாளிக்குள் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் சபைக் கூட்டத்தில் செயலாளர் எழுந்து, "கிண்ணம் வைச்ச அலுமாரித் திறப்பு ரீச்சரிட்டைத்தான் இருந்தது. நான் வேறை ஒண்டும் சொல்லேல்லை" என்றார். சாவி உங்களிடம் இருந்தது என்பதே போதுமாயிருந்தது. அடுத்த கிழமை உங்களிடம் ஆங்கில இலக்கியம் படிக்க ஒரு பிள்ளைகூட வரவில்லை.

திருட்டையும் நற்பெயரையும் பற்றிப் பெரிய எழுத்தாளர்கள் சொன்ன வரிகளை ஒரு கொப்பியில் சேர்த்து வைத்திருந்தீர்கள். ஒருநாள் அதை மூடிவிட்டு, "எல்லாரும் வடிவாத்தான் எழுதியிருக்கினம். பேர் போனபிறகு சோறு எப்பிடி இறங்கும் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சரியாகச் சாப்பிடவேயில்லை. அந்த மாரி மழை முடியுமுன் கண்ணை மூடிவிட்டீர்கள்.

போன செவ்வாய் மத்தியானம் ஒருவர் கிண்ணத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். யாரென்று எழுதமாட்டேன். "செயலாளற்றை றங்குப்பெட்டியுக்கை, பழைய கோட்டுக்குக் கீழை கிடந்தது. என்ரை பேர் மட்டும் வெளியிலை வரக்கூடாது." வாக்குக் கொடுத்தேன்.

வியாழன் காலை செயலாளரே வாசல் படலைக்கு வந்தார். எப்படி அறிந்தாரோ? மெதுவாகத்தான் கதைத்தார்.

"தங்கச்சி, அது உம்மடை வீட்டிலை இருக்கெண்டு தெரியும். வெளியிலை எடுத்தால் சனம் என்ன சொல்லும்? ரீச்சர் ஒளிச்சு வைச்சதைத் தங்கச்சிக்காரி கண்டெடுத்தவ எண்டுதானே?"

"நீங்கள் ஏன் எடுத்தனீங்கள்?"

"தனிய இருக்கிறீர். கவனமா இரும்."

கிண்ணத்தைக் கொண்டுவந்தவரின் கைபேசி அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. நேற்றும் இன்றும் செயலாளரின் வான் வண்டி எங்கள் ஒழுங்கை முனையில், தெரு தொடங்கும் இடத்தில் நிற்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார். உங்களுக்கும் இப்படித்தான் தொடங்கியதா, அக்கா? அந்தக் கூட்டத்தில் உங்கள் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். ஏன் நான் வாய் திறக்கவில்லை?

வரும் ஞாயிறு ஆராதனை முடிய, செயலாளருக்கு அவருடைய நீண்டகாலச் சேவைக்காகப் பொன்னாடை போர்த்துகிறார்கள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். ஞாயிறுக்கு முன் அதில் வந்தால், வாசித்த யாராவது அன்று என்னோடு வந்து நிற்கக்கூடும். வராமலும் போகலாம்.

வராவிட்டாலும் போவேன். கிண்ணத்தை மூடாமல் கையில் ஏந்தி, அந்த வானைத் தாண்டி நடந்தே போவேன். நடந்ததை எல்லாருக்கும் முன்னால் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கள்ளியின் தங்கை என்பார்கள். கள்ளி என்பதை மறுப்பேன். மற்றதை ஒருநாளும் மறுக்கமாட்டேன்.

உங்கள் தங்கை,
மலர்