எழுத்துப் பக்கம் மேலே

மார்ச் 3

வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். வீட்டுக்கூரை ஓடுகளைக் கழற்றிப் புதிதாக மாட்டப்போகிறேன். ஓட்டுக்கு அடியில் விரிக்க மேஸ்திரி இரண்டு ஷீட் காட்டினார். ஒன்று தடித்த பிளாஸ்டிக். இன்னொன்று துணி மாதிரி மெல்லியது. மழையை உள்ளே விடாதாம், ஆனால் மூச்சு விடுமாம். எது நல்லது? கூரை போடுவது உங்கள் தொழில், அதனால் கேட்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனவரிடம் வேறு பேச்சு எனக்கு இல்லை.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்


மார்ச் 14

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கூரை சாக்கில் உன் கையெழுத்தையாவது பார்த்தேனே. மூச்சு விடுவதையே வாங்கு. பிளாஸ்டிக் மழையைத் தடுக்கும். ஆனால் சமையல் ஆவி, உன் இஸ்திரிப்பெட்டி ஆவி எல்லாவற்றையும் உள்ளேயே பிடித்து வைக்கும், மரம் கெட்டுப்போகும். கீழ் விளிம்பிலிருந்து மேலே விரிக்கச் சொல். மேல் வரிசை கீழ் வரிசைமேல் ஒரு சாண் ஏறி நிற்கட்டும். ஷீட்டின் மேல் மரச்சட்டம் அடித்த பிறகுதான் ஓடு. நடுவில் காற்று ஓட வேண்டும்.

மாதக் கடைசியில் விடுப்பு இருக்கிறது. நானே வந்து போட்டுத் தரட்டுமா?

இப்படிக்கு,
வீட்டில் இல்லாதவன்


ஏப்ரல் 20

வீட்டில் இல்லாதவருக்கு,

நீங்கள் வர வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்று நானே வேலை வாங்கினேன். மேஸ்திரி ஷீட்டை, அதில் அச்சடித்த கம்பெனி எழுத்து வானத்தைப் பார்க்க விரித்தார். “எழுத்து வெளிய தெரியிற மாதிரி யாராவது போடுவாங்களா? திருப்புங்க” என்றேன். “அக்கா, இது சட்டை இல்லக்கா” என்று முனகினார். இத்தனை வருஷமாகத் துணி வெட்டுகிறேன், நல்ல பக்கம் எது என்று எனக்குத் தெரியாதா? எல்லா வரிசையையும் திருப்ப வைத்தேன்.

இப்போது மழையே இல்லை, தையல் மெஷின் மேல் சொட்டுகிறது. தைக்க வந்த வெள்ளைச் சட்டையில் கறை. நல்ல ஆளிடம்தான் யோசனை கேட்டேன்!

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்


மே 1

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சொட்டுவது மழை இல்லை, உன் இஸ்திரிப்பெட்டி ஆவி. அந்த ஷீட்டுக்கு எழுத்துப் பக்கம்தான் வெளிப்பக்கம். அது அடியில் போனதால் ஆவி போக வழியில்லாமல் குளிர்ந்து தண்ணீராகிறது. மேஸ்திரியைத் திட்டாதே, உன்னை எதிர்த்துப் பேச யாரால் முடியும்?

திருப்பிப் போட ஒரு நாள் போதும். சாப்பாடுகூட வேண்டாம், சாயங்காலமே கிளம்பிவிடுவேன். போகும்போதுதான் கேட்கவில்லை, வரும்போதாவது கேட்கிறேன். வரலாமா?

இப்படிக்கு,
வீட்டில் இல்லாதவன்


மே 19

அன்புள்ளவருக்கு,

மேஸ்திரியே வந்து திருப்பிப் போட்டுவிட்டார். “நான் அப்பவே சொன்னேன்லக்கா” என்று அன்று முழுக்க அவர் வாய் ஓயவில்லை, கேட்டுக்கொண்டேன். நேற்று நல்ல மழை. ஏணி வைத்து ஏறி மரத்தைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. ஆகவே கூரைக்காக நீங்கள் வர வேண்டியதில்லை.

கறை பட்ட சட்டைக்குப் பதில் வேறு தைத்துக் கொடுத்தேன். மிஞ்சிய துணியில் உங்களுக்கு ஒன்று வெட்டியிருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய அளவு. ஆளைப் பார்க்காமல் காலர் வைத்தால் சரிவராது.

கேட்டீர்கள் அல்லவா, வாருங்கள். ஆணி, சுத்தியல் எதுவும் எடுத்து வர வேண்டாம். சாயங்காலமே கிளம்புவதாக இருந்தால் மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்