பெரியவளின் டப்பா

இன்று காலை ஒரு டப்பாவின் மூடியைத் திருகியதும் எழுந்த நாற்றத்தில் உன் ஞாபகம் வந்தது. சளியும் ரத்தமுமாக ஒரு குழந்தையின் மலம். "யாரோடதும்மா இது?" என்று கேட்டேன். "இந்தப் புள்ளயோடதுதாங்க, வேற யாரோடது?" என்று தாய்க்காரி முறைத்தாள். ஜமுனாமரத்தூரில் இப்படிக் கேட்கிற லேப்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

நீ நர்ஸ், நான் லேப். ஒரே வருடத்தில் இந்த மலை ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரே வீட்டில் குடியிருந்தோம். உனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருத்தி இலையில் பொதிந்து கொண்டுவந்த மலம் உன் மேஜையில் ஒழுகியபோது, "இன்னாம்மா இது, எங்களுக்கு மூக்கு இல்லயா?" என்று கத்தினாய். வரிசையே சிரித்தது. நானும் ஜன்னலில் நின்று நன்றாகச் சிரித்தேன்.

அந்த வரிசையில் நெல்லிவாசல்நாட்டுக்காரி ஒருத்தி, காய்ச்சலும் பேதியுமாக இருந்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "ரத்தம் போவுதா?" என்று கேட்டாய். "இல்லீங்க" என்றாள். டப்பா கொடுத்தனுப்பினாய்.

மறுநாள் அவள் கொண்டுவந்ததைப் பார்த்ததும் உனக்குத்தான் சந்தேகம் வந்தது. "பேதி புள்ளைக்கு இது இன்னாடி இவ்ளோ கட்டியா கீது? இன்னொரு தரம் வாங்கிப் பாக்கலாமா?" என்றாய். எனக்கு மதியப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "பேதி நின்னிருக்கும். எல்லாத்தையும் ரெண்டு தரம் பாக்க நான் இன்னா சும்மாவா கீறேன்?" என்றேன். தொற்று இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து அவளை அனுப்பிவிட்டாய்.

மூன்றாம் நாள் மலையிறங்கும் ஜீப்பிலேயே பையன் செத்துப்போனான்.

துக்கம் கேட்கப் போன உன்னிடம் அவள் சொல்லியிருக்கிறாள்: "அவனோடது ரத்தமா, ஒரே நாத்தமா இருந்திச்சிங்க. நீங்க திட்டுவீங்கன்னு எம் பொண்ணு பெரியவளோடத எடுத்தாந்தேன். நல்லாத்தான இருந்திச்சி?"

திரும்பி வந்து லேப் தரையில் உட்கார்ந்து அழுதாய். "உன் வாய்தான் அந்தப் புள்ளயக் கொன்னுச்சு" என்றேன். அதற்குப் பிறகு எந்தத் தாயிடமும் நீ குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்னொரு தரம் பார்க்கச் சொன்னதையே நீ மறந்துவிட்டாய் போலிருந்தது. நான் மறக்கவில்லை. அதை ஞாபகப்படுத்தினால் பழி என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன்.

உன் கடைசி நாட்களில், புற்றுநோய் முற்றியபின், திருப்பத்தூரில் உன் வீட்டுக்கு வந்தேன். ஆளே எலும்பாகிவிட்டிருந்தாய். கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னமும் என் வாய்தான் கொன்னுச்சுன்னு நெனைக்கிறியா?" என்று கேட்டாய்.

"வேற யாரு?" என்றேன்.

சரிதான் என்று தலையை ஆட்டினாய். நான் சுடுதண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசிப் பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பினேன்.