படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்

சேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
20.5.2007

அன்புள்ள கணவர் லூயி அவர்களுக்கு, உங்கள் மனைவி அஞ்செல் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படிக்க உங்களுக்குத் தெம்பு வேண்டுமே, அதற்காகவாவது.

வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கி வந்தேன். உங்கள் அக்கா போனில் வேறு மாதிரி சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசுகிற பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் அவருக்கு. மீதி இரண்டு நிமிஷமும் அவர் என் தோளை ஒட்டித்தான் நிற்பார். அதனால்தான் எழுதுகிறேன். எதிர் வீட்டுக் கலைவாணன் நாளை மறுநாள் பாரிசுக்கு விமானம் ஏறுகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கிறது. கோபம் உங்கள் மேல்தான், ஊறுகாய் மேல் இல்லை.

இந்த வலி எனக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கழுத்தில் ஆரம்பித்தது, தோள், முதுகு, இடுப்பு, முழங்கால் என்று எல்லா இடத்திலும் குடியேறிவிட்டது. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. தலைவாரக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கிவிடுகிறேன். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கியவள் மாதிரி எழுந்திருக்கிறேன். சொல்ல வந்தது மறந்துபோகிறது, அடுப்பில் வைத்தது மறந்துபோகிறது. நம் ஊர் மேட்டுப்பாளையம் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனபோது, “வேலைக்குப் போனா உடம்பு வலிக்கத்தான் செய்யும்” என்று சொன்னீர்கள். முடியாமல் வேலையை விட்ட பிறகு, “சும்மா குந்தியிருந்தா உடம்பு வலிக்கத்தான் செய்யும்” என்று சொன்னீர்கள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். எத்தனையோ ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். நன்றாக இல்லாதது நான் மட்டும்தான்.

மார்ச் மாதம் மூட்டு வலி பார்க்கிற பெரிய டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் உடம்பில் பதினெட்டு இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பதினான்கு இடத்தில் கத்திவிட்டேன். பிறகு உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். இந்த நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயராம். எலும்பிலோ ரத்தத்திலோ ஒன்றும் தெரியாதாம், ஆனால் வலி நிஜமாம். யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டிருக்கிற காலிங் பெல் மாதிரி நரம்பு மூளைக்கு வலி, வலி என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். முழுக்கப் போகாது, ஆனால் தூக்கம், கொஞ்சம் கொஞ்சமாக நடை, ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை என்று அடக்கி வைக்கலாம் என்றார். “நீங்க நடிக்கலம்மா” என்று அவராகவே சொன்னார். அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சீட்டை உங்கள் அக்காவிடம் காட்டினேன். அங்கேதான் பிடித்தது சனி. டாக்டர் கையெழுத்தில் முதல் பாதிதான் புரியும், மீதி வெறும் கோடு. உங்கள் ஏலிஸ் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஃபிப்ரோம்” என்று படித்தார். பிரெஞ்சில் ஃபிப்ரோம் என்றால் கர்ப்பப்பைக் கட்டியாமே! “லியோன்ல எங்க ஓப்பித்தால்ல இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டுல நின்னவடி நான், எனக்குத் தெரியாதா? எடுத்துட்டா எல்லா வலியும் ஓடிப்போயிடும்” என்றார். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். “தமிழ் மீடியம் படிச்ச உனக்கு என்னாத்த வெளங்கியிருக்கும்” என்று சிரித்தார்.

இனிமேல் எழுதுவது என் தப்பு. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? மறுநாள் காலையில் உங்கள் அக்கா எனக்கு சூப் வைத்துக் கொடுத்தார். தண்ணீர்க் குடத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். நீங்கள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, “ரொம்ப வலிக்குதா அஞ்செல்?” என்று கேட்டீர்கள். கட்டி என்றதும் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஒரு உறுப்பை அறுத்துக் கொடுத்தால்தான் என் வலியை நம்புவீர்கள் என்றால், கொடுத்துத் தொலைக்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டீர்கள்.

உங்கள் அக்கா, ஸ்கேன் எல்லாம் வெளியே பார்த்தாயிற்று என்று சொல்லி நர்சிங் ஹோமில் நாள் குறித்தார். அங்கே புருஷன் சம்மதம் வேண்டும் என்றார்கள். ஃபேக்ஸில் போன தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள். கையெழுத்துக்கு மேலே பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தீர்கள். புதன்கிழமை சாயங்காலம் உங்கள் அக்காதான் அர்த்தம் சொன்னார். “படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்” என்று அர்த்தமாம். அங்கே எந்தத் தாளானாலும் அப்படி எழுதித்தான் கையெழுத்துப் போடுவார்களாம், கை பழகிவிட்டதாம். எதைப் படித்தீர்கள்? என் டாக்டர் சீட்டையா? மூன்று வருஷமாக நான் எழுதிய கடிதங்களையா? ஒரு வார்த்தையில் பாதியை உங்கள் அக்கா படித்தார், அதை நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் இன்னொன்றும் சொன்னார். “லூயியே சொல்லிட்டான், புள்ளையா குட்டியா, அது இருந்து என்னா பண்ணப் போவுதுன்னு. நீ கவலைப்படாத.” நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று என்னை நானே ஏமாற்றிப் பார்த்தேன். ஆனால் அந்தப் பேச்சு உங்கள் பேச்சுத்தான், எனக்கு அடையாளம் தெரியாதா?

மறுநாள் காலையில் என் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. லேடி டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, மூட்டு டாக்டர் சீட்டைக் கொடுத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. “யாரும்மா இத கட்டின்னு சொன்னது? இது தசை வலி நோய்” என்றார். உங்கள் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி, இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தால், வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் சொன்னது, “அப்போ உனக்கு ஒண்ணுமே இல்ல. இத்தினி நாளு நாடகமா?” என்பதுதான். நீங்கள் போனில், “நல்லவேளை, ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே” என்று சந்தோஷப்பட்டீர்கள். ஒன்றுமில்லையா? அதே கழுத்து, அதே முதுகு, அதே பதினான்கு இடம்! கட்டி இல்லாவிட்டால் பொய்க்காரி, அப்படித்தானே? சூப் நின்றுவிட்டது. குடம் மறுபடி என் இடுப்புக்கு வந்துவிட்டது. அதையும் இன்று காலை தரையில் வைத்துவிட்டேன். அரைக்குடம்தான் தூக்குவேன், முடியாத நாளில் அதுவும் இல்லை என்று உங்கள் அக்காவிடம் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறேன். விடியற்காலையில் தெருக்கோடி வரைக்கும் நடக்கிறேன். இனி என் உடம்பைப் பற்றி எந்தத் தாளிலும் என்னைக் கேட்காமல் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது.

நான் கிளம்பும்போது லேடி டாக்டர் ஒன்று கேட்டார். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றார். ஒன்பது என்று சொன்னேன். பிள்ளைக்காக எனக்கு எடுத்த பரிசோதனைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். இந்த வலி நோய் பிள்ளை பெறத் தடையில்லை என்றார். பிறகு, “வீட்டுக்காரருக்கு என்னென்ன பாத்தீங்க?” என்று கேட்டார். ஒன்றுமே பார்த்ததில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்டில் வகான்ஸ் லீவுக்கு வரும்போது எனக்கு சென்ட்டு, சாக்லேட் ஒன்றும் வேண்டாம். வந்ததும் எப்படி வலிக்கிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். அப்புறம் ஒரு நாளை எனக்கு ஒதுக்குங்கள். வில்லியனூர் மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். லேடி டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், என்னை மட்டும் இல்லை, நம் இரண்டு பேரையும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
அஞ்செல்