ஏரியில் இன்னொரு வண்டி

ஜன. 12, 2001. வெள்ளி. ஐசலின், நியூ ஜெர்சி. மேகம்.

இல்லை, எனக்கு இரண்டு எஞ்சினும் ஒன்றுதான். ஒன்று சத்தம் போடும், மற்றது போடாது. அதற்குமேல் அபிப்பிராயம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். பிரபு விடுவதாக இல்லை. என் கணவன் ரகுவின் தம்பி, என் வயதுதான். கோவையில் மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கே ஜாவா எழுதுகிறான். எஞ்சின் பேச்சு வந்தால் மட்டும் முகத்தில் ரத்தம் ஓடுகிறது.

ஞாயிறு பொங்கல். திங்கள் லீவு. வடக்கே நியூயார்க் மாநிலத்தில் உறைந்த ஏரி, கரையில் ஒரு மரவீடு. வீட்டுக்காரர் வால்ட் பனிமேல் ஓட்டும் வண்டியும், ஸ்னோமொபைல், வாடகைக்கு விடுகிறார். பழையது டூ ஸ்ட்ரோக். இந்த வருடம் புதிதாக ஒரு ஃபோர் ஸ்ட்ரோக். பிரபுவும் ஆபீஸ் நண்பர்களும் கூட்டாக ஒன்று வாங்கப்போகிறார்கள். எது என்று இவன் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எடுக்க: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம் (ஓக் ட்ரீ ரோடு கடையில் வாங்கியது, சுத்தியல் கேட்கும்), சின்னப் பானை, கையுறை. ரகுவின் பேஜர். வாக்கி டாக்கி ஜோடி, அதற்கு பேட்டரி.

கரும்பு கிடைக்கவில்லை. பரவாயில்லை.

வழியெல்லாம் தூக்கம். விழித்தபோது மரங்கள் மட்டும்.


ஜன. 13, சனி. ஏரி. வெயில். சூடு இல்லாத வெயில்.

ஏரி சத்தம் போடுகிறது. கீழே யாரோ பெரிய தகரத்தை மெதுவாக வளைப்பது போல. காலையில் காபி குடிக்கும்போது ஒருமுறை. கோப்பையை வைத்துவிட்டேன்.

வால்ட் சிரித்தார். எழுபது வயதிருக்கும். காது கொஞ்சம் மந்தம். சத்தம் வந்தால் நல்லதாம், பனிக்கட்டி தடிக்கிறது என்று அர்த்தமாம். சத்தம் வராத இடத்துக்குத்தான் போகக்கூடாது. மேற்கு மூலையைக் காட்டினார். ஓடை வந்து விழும் இடம். மேலே பார்த்தால் எல்லா இடமும் போலத்தான் வெள்ளையாக இருந்தது.

பிரபு பாடம் எடுத்தான். ஒழுங்கில்லாமல் எழுதிக்கொள்கிறேன்.

டூ: உள்ளே தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடி. எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரியும், அதனால் நீலப் புகை. லேசான வண்டி. கயிற்றை இழுத்தால் கிளம்பும். ஊரில் பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து போடச் சொல்வோமே, அதே சாதி.
ஃபோர்: இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. எண்ணெய் தனி. புகை இல்லை. பெட்ரோல் குறைவு. கனம். பட்டனை அழுத்தினால் போதும்.

"அப்ப வெடிக்காத சுத்துல அது என்ன பண்ணும்?"

"மூச்சு விடுமுங்க அண்ணி. புகைய வெளிய தள்ளிட்டு நல்ல காத்த உள்ள இழுக்கும்."

"டூ ஸ்ட்ரோக் மூச்சு விடாதா?"

"விடும். விட்டுக்கிட்டே கத்தும்."

ரகு, கம்ப்யூட்டரிலிருந்து தலை தூக்காமல்: "உங்க அண்ணி மாதிரி."

மதியம் பிரபு டூவை எடுத்துக்கொண்டு போனான். நான் பனிக்கட்டிமேல் நின்றேன். தீவுக்குப் பின்னால் மறைந்த பிறகும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தது. காதாலேயே அவனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எரிச்சலூட்டும் சத்தம், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல. ஆனால் அதில் ஒரு மனிதன் இருந்தான்.

பிறகு ஃபோர். கரையை விட்டதும் காதிலிருந்து போய்விட்டான். வெள்ளையில் ஒரு புள்ளி. அப்புறம் புள்ளியும் இல்லை. கை விறைத்தது. வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினேன். பின்னாலேயே நிற்கிறான். ஹெல்மெட் கண்ணாடியில் முகம் இல்லை. என் முகம்தான், சின்னதாக, வளைந்து.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தானுங்க. பயந்துட்டீங்களா? இதாங்க அண்ணி, இதான் வேணும். பேயாட்டம் வருது பாருங்க."

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் இரண்டு அடி தள்ளிப்போய் நின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் டூவை எப்படிக் கிளப்புவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தான். சோக், கயிறு, கட்டைவிரலால் ஆக்சிலேட்டர். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. "சூப்பர் அண்ணி! கோயம்புத்தூர் மருமகள்னா சும்மாவா!" வண்டியின் பின்பக்கத்தைக் கட்டைமேல் தூக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தோம். இல்லாவிட்டால் அடிப்பட்டை தரையோடு உறைந்துவிடுமாம்.


ஜன. 14, ஞாயிறு. பொங்கல். பனி கொட்டுகிறது.

பிரபு விடிந்ததும் ஃபோரில் போய்விட்டான். அப்போது லேசான தூறல் பனிதான். ஒரு வாக்கி டாக்கி அவனிடம், இன்னொன்று அடுப்பு மேடையில்.

மின்சார அடுப்பில் பானை. பொங்கும் நேரத்தில் போன். கோவையிலிருந்து அத்தை.

"பால் பொங்குச்சா கண்ணு?"

"பொங்கிருச்சுங்க அத்தை."

"எந்தப் பக்கமாப் பொங்குச்சு?"

பார்க்கவில்லை. எந்தப் பக்கம் எது என்றும் இந்த வீட்டில் தெரியாது. "கிழக்குங்க."

"நல்லது. சின்னவன் எங்க, பேசச் சொல்லு."

"வெளிய வண்டி ஓட்டப் போயிருக்காருங்க. வந்துருவாருங்க."

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். தீவு இல்லை. கரையும் இல்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. "அண்ணி, தீவத் தாண்டிட்டேனுங்க. இங்க ஒண்ணுமே தெரியல, பால ஊத்துன மாதிரி இருக்கு. சரிங்க அண்ணி, வரேனுங்க." அப்புறம் இரைச்சல் மட்டும்.

அவன் தட்டில் பொங்கலை வைத்து மூடினேன். சூடு ஆறுவதற்குள் வந்துவிடுவான்.

—

வரவில்லை. பொங்கல் இறுகிவிட்டது.

ரகு வால்ட்டுக்கு போன் செய்தான். வால்ட் கேட்டார்: கடைசியாக என்ன சொன்னான்? ரகு போனை என்னிடம் நீட்டினான். வரேன் என்றான், அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஐ ஆம் கமிங். அப்படியானால் திரும்பிக்கொண்டிருக்கிறான், ஏரிக்கு நடுவே தேடிப்போய் அவனோடு மோதிக்கொள்ள வேண்டாம், காத்திருப்போம் என்றார் வால்ட்.

காத்திருந்தோம்.

ரகு திடீரென்று: "அவன் எப்படிச் சொன்னான்? வரேன்னா, வந்துட்டிருக்கேன்னா?"

"வரேனுங்கன்னார்."

"அது போனை வைக்கறப்ப சொல்றது நித்யா! கெளம்பறப்ப எல்லாரும் அதத்தான சொல்லுவோம். போறேன்னா சொல்லுவோம்?"

"அப்ப வரலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்! நீதான கேட்ட!"

ஒரு சொல். வருவதற்கும் போவதற்கும் அதே சொல். இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். எந்தப் பக்கம் போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் சொன்னபோதுதான் ஒரு பக்கமாக விழுந்தது.

வால்ட் டிரக்கைக் கொண்டுவந்தார். ஷெரிஃப் ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் தூரத்திலிருந்து வரவேண்டும். ரகுவும் வால்ட்டும் ஏரியைச் சுற்றிய சாலையில் போனார்கள். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள், அவன் வந்தால் ஆள் வேண்டுமே.

—

சும்மா இருக்க முடியவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் காதுதான் மிச்சம். வெளியே வந்து டூவின் கவரை உருவினேன். சோக். கயிறு. கையுறையைக் கழற்றி இழுத்தேன். பிடித்தது. நீலப் புகை, அந்தக் கத்தல். பின்பக்கம் கட்டைமேல் இருந்ததால் வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் பட்டை மட்டும் காற்றில் சுற்றியது. கத்து, கத்து என்று நானும் கத்தினேன். யாரும் பார்க்கவில்லை.

ரொம்ப நேரம். விரலில் உணர்வில்லை.

பிறகு நின்றுவிட்டது. இருமி, தானாக. மறுபடி இழுத்தேன், பிடிக்கவில்லை. மறுபடி. ரகு இந்நேரம் கண்டுபிடித்திருப்பான், உள்ளே போகலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்துகூட விட்டேன், வண்டிமேல். அவ்வளவு அமைதி. பனி விழும் சத்தம்கூட இல்லை. ஏரியும் பேசவில்லை.

நான் எதையும் கேட்கவில்லை. மறுபடி எழுதுகிறேன்: எதையும் கேட்கவில்லை.

எழுந்து இழுத்தேன். பிடித்தது.

இருட்டுவதற்குச் சற்று முன் பிரபு நடந்து வந்தான். வண்டி இல்லாமல். ஹெல்மெட் கையில். புருவமெல்லாம் வெள்ளை. என்னைப் பார்க்கவில்லை, நேராக வண்டியிடம் போய் அதன் மூக்கில் கை வைத்து நின்றான்.


ஜன. 15, திங்கள். வெயில். கண் கூசுகிறது.

விரல்கள் இருக்கின்றன. எனக்கும் அவனுக்கும். கொஞ்சம் தோல் உரியும் என்றார் மருத்துவர்.

பிரபு சொன்னது: தீவுக்கு அப்பால் பனிக்கு அடியில் சேறு மாதிரி ஈரம். ஃபோர் கனம், இறங்கிவிட்டது. காற்று, ஹெல்மெட், ஒன்றும் கேட்கவில்லை. "ஆஃப் ஆயிருச்சுன்னு நெனச்சேனுங்க." விட்டுவிட்டு நடந்தான். வாக்கி டாக்கி பேட்டரி குளிரில் செத்துவிட்டது. திசை தெரியவில்லை. அப்புறம் டூவின் சத்தம். அதைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"நடுவுல நின்னுச்சுங்கல்ல அண்ணி?"

"ஆமா. தானா ஆஃப் ஆயிடுச்சு."

"அப்ப இன்னொண்ணு ஸ்டார்ட் ஆச்சு. அந்தப் பக்கமா. இதே சத்தம். நீங்கதான் எடம் மாத்தி வச்சிட்டீங்கன்னு நெனச்சு அதப் பாக்க நடந்தேன். அப்புறம் பின்னால நீங்க. ரெண்டும் கேட்டுச்சு. ரெண்டும் ஒரே வண்டி."

"எப்படி முடிவு பண்ணீங்க?"

"நீங்க கத்துனது கேட்டுச்சு."

ரகு: "எக்கோடா. மலையில பட்டுத் திரும்பி வந்திருக்கும்." வண்டி நின்றிருந்த நேரத்தில் எதிரொலி எங்கிருந்து என்று நான் கேட்டேன். குளிரில் முன்னே பின்னே குழம்பும் என்றான். இருக்கலாம்.

ஃபோரை வால்ட் கண்டுபிடித்தார். சேற்றில் பாதி, மேலே பனி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க, அவ்வளவு அமைதியாக. பக்கத்தில் போய்த் தொட்ட பிறகுதான் வால்ட்டுக்கே தெரிந்ததாம். பிரபு இதைக் கேட்டதும் சிரித்தான், சிரிப்பை நிறுத்தச் சிரமப்பட்டான். "டூ ஸ்ட்ரோக்காரன் புத்தி அண்ணி. சத்தமில்லைன்னா செத்துருச்சுன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

வால்ட்டோடு நானும் போனேன். பிரபுவின் காலடிகள், பாதி மூடியவை. தீவிலிருந்து நம் வீட்டை நோக்கி வருகின்றன. ஓரிடத்தில் மேற்கே, ஓடை விழும் மூலைப் பக்கமாகத் திரும்புகின்றன. கொஞ்ச தூரம் போய் நிற்கின்றன, அங்கே பனி நன்றாக மிதிபட்டிருக்கிறது. பிறகு திரும்பி வருகின்றன. வால்ட் கம்பியை முன்னால் நீட்டிக் குத்தினார். எளிதாக இறங்கியது. கறுப்பாகத் தண்ணீர்.

வேறு தடம் எதுவும் இல்லை. கால், வண்டி, எதுவும்.

நேற்று ஏரியில் வேறு யாராவது ஓட்டினார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எந்தப் பக்கம் கேட்டதாக உன் கொழுந்தன் சொன்னான்? கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கம்பியைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வாடகையில் பாதியை வேண்டாம் என்றுவிட்டார்.


ஜன. 16, செவ்வாய். ஐசலின். ராத்திரி இங்கேயும் கொஞ்சம் பனி.

ரகு ஆபீஸ். பிரபு லீவு. தன் அபார்ட்மென்டுக்குப் போகவில்லை, எங்கள் சோஃபாவில் படுத்திருக்கிறான். நண்பர்கள் போன் செய்து கேட்டார்கள், எது வாங்கலாம் என்று. அப்புறம் சொல்கிறேன் என்றான்.

சாப்பிட்டான். ரசம் இரண்டு முறை. பழைய பிரபு மாதிரியே இருந்தான். எனக்கு மனம் கொஞ்சம் லேசானது.

மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அபார்ட்மென்ட் ஆள் கீழே பார்க்கிங்கில் பனி தள்ளும் மிஷினைக் கிளப்பினான். சின்ன மிஷின். கயிற்றை இழுத்துக் கிளப்பும் வகை. அதே கத்தல், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பிரபு எழுந்தான். கண் திறந்திருந்தது. கதவோரம் போய்க் குனிந்து பூட்ஸைப் போட்டான், கயிறு கட்டினான், ஒழுங்காக, இரண்டு முடிச்சு. கோட் போடவில்லை.

"எங்க போறீங்க?"

"கூப்பிடறீங்கல்ல, அண்ணி."

"நான் இங்க இருக்கேன். பிரபு. இங்க பாருங்க."

பார்த்தான். என்னைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். யார் நெருக்கம் என்று அளப்பது போல. கை தாழ்ப்பாளில் இருந்தது.

ஏரியில் கத்தியது போலக் கத்தினேன். பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. கீழே மிஷின் நின்றது. பிரபு தரையில் உட்கார்ந்துவிட்டான், முட்டியில் முகம்.

கதவுச் சங்கிலியை மாட்டினேன். அவன் பூட்ஸின் முடிச்சுகளை அவிழ்த்துக் கழற்றினேன், இரண்டையும் எங்கள் படுக்கையறைக்குள் எடுத்துப்போய் வைத்து, வெளியே வந்து கதவைப் பூட்டினேன். ரகுவுக்குப் பேஜ் அனுப்பினேன், உடனே வரச் சொல்லி.