காசியில் விட்டது

காட்டூர்
12-6-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

ராக்கம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் பத்ரிநாத் போய்ச் சேர்ந்ததாகக் கார்டு வந்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அம்மா ஒன்று கேட்கச் சொல்கிறாள். காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றை அங்கே விட்டுவிடுவார்களே, வழியில் நீங்கள் எதை விட்டீர்கள்? "அவர் விட்டத நான் தின்னலாமாடி?" என்கிறாள். அதனால் உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய், முருங்கைக்காய், அவரைக்காய் மூன்றையும் வாங்குவதில்லை. தினம் பூசணிக்காய்தான்.

தையில் என் கல்யாணம் இருப்பதை நானே எழுத வெட்கமாக இருக்கிறது. ஐப்பசிக்குள் வந்துவிடுவீர்கள்தானே?

உங்கள் மகள்
ராக்கம்மாள்

பத்ரிநாத்
3-7-1958

மகள் ராக்கம்மாளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கே விடியும்போது கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பனிமலையின் உச்சி முதலில் சிவக்கும். பிறகு பொன்னாகும். கீழே நாங்கள் இன்னும் இருட்டில் நின்றுகொண்டிருப்போம். யாரும் பேசமாட்டார்கள். கோயில் பக்கத்துச் சுனையில் தண்ணீர் ஆவி பறக்கச் சுடுகிறது. நாலு படி இறங்கினால் அலகநந்தை ஆறு, கால் வைக்க முடியாத குளிர்.

முப்பது வருஷம் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் சம்மட்டிச் சத்தம் கேட்ட காது. ரிட்டயர் ஆன பிறகும் தூக்கத்தில் கேட்கும். இங்கு வந்த நாலாம் நாள் நின்றுவிட்டது.

மடத்தில் விறகு பிளக்கிறேன், சாப்பாடு போடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன்.

பிச்சமுத்து

காட்டூர்
28-7-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

காய் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. "மலையப் பத்தி ஒரு பக்கம் எழுதத் தெரியுது, காய் பேரு எழுதத் தெரியலையா?" என்று அம்மா கேட்கிறாள். பக்கத்து வீட்டு ஜீனத் அக்கா கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மலை சிவப்பதை நீங்கள் எழுதியதைத் தனியாகவும் படித்தேன். காலையில் ஒர்க் ஷாப் சங்கு ஊதும்போது ஜீனத் அக்கா வீட்டு மாடியில் நின்று மலைக்கோட்டையைப் பார்க்கிறேன். அதுவும் கொஞ்சம் சிவக்கத்தான் செய்கிறது.

எப்போது வருவீர்கள்?

ராக்கம்மாள்

பத்ரிநாத்
6-9-1958

மகளுக்கு,

காய் எதையும் விடவில்லை மகளே. காசியில் என் கையில் கங்கைத் தண்ணீரை ஊற்றி, எதை விடுகிறாய் என்று புரோகிதர் கேட்டார். கத்தரிக்காய் என்று சொல்லத்தான் நின்றேன். வாயில் வீடு என்று வந்துவிட்டது. அவர் மறுபடி கேட்டார். அதையேதான் சொன்னேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பனி விழுந்து நடை சாத்தியதும் மடத்துக்காரர்களோடு கீழே ஜோசிமடத்துக்குப் போய்விடுவேன். தாரை வார்க்க உன் பெரியப்பா இருக்கிறார். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

பிச்சமுத்து

காட்டூர்
30-9-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எழுதியிருந்தபடியே படித்துக் காட்டினேன்.

அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப காய் எதையும் விடலையா?" என்றாள். இல்லையென்றேன். பையை எடுத்துக்கொண்டு போய் மூன்று காயும் வாங்கி வந்து ஒரே வேளையில் சமைத்தாள். "தின்னுடி, பூசணிக்காயாத் தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்று எனக்குப் போட்டாள். அவள் சாப்பிடவில்லை.

அந்த மலையைப் பார்த்தால் நானும் அங்கேயே இருந்துவிடுவேனோ என்னவோ. அதனால் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. மடத்துக்குப் பெரியவர்கள் வருவார்களே, ஒருவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். கங்கைத் தண்ணீரோடு விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா?

முகூர்த்தம் தை பதினைந்து. அதற்குள் கேட்டால் போதும்.

உங்கள் மகள்
ராக்கம்மாள்