முப்பத்து நாலு இடுப்பு

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, அவளுடைய தையல் மிஷின் மூவரும் நலம், மூன்றில் அதிகச் சத்தம் போடுவது எது என்று உனக்கே தெரியும். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, சுகமாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய ஜீன்ஸ் ஒரே துவைப்பில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, பக்கத் தையல் முழங்காலுக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டது என்று சித்தியிடம் போனில் அழாத குறையாகச் சொன்னாயாம். துணியைத் தண்ணீர் காட்டிச் சுருங்கவைக்காமல் வெட்டினால் கால் ஏறத்தான் செய்யும், துணி மிச்சம்பிடிக்க, வெட்டுவதற்கு அளவு காட்டும் அட்டையைச் சாய்த்து வைத்து வெட்டினால் தையல் திரும்பத்தான் செய்யும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. சித்தி தைக்கிற பட்டறையில் நான் துணிக்கட்டு இறக்குகிறவன் என்றுதான் ஊர் நினைக்கிறது, ஆனால் இதுவரை அங்கே தைத்த அத்தனை ஜீன்ஸும் சட்டையும் என் உடம்பை வைத்துத்தான் அளவெடுத்தது. மாதிரி உடம்பு என்று பேர். என் இடுப்பிலிருந்து ஒரு அங்குலம் கூட்டினால் ஒரு சைஸ், குறைத்தால் ஒரு சைஸ். யோசித்துப் பார், எத்தனை ஆயிரம் பேர் என்னைத்தான் உடுத்திக்கொண்டு திரிகிறார்கள்.

இப்போது நடந்ததைக் கேள். ஒரு பெரிய கடையிலிருந்து ஆர்டர் வருவதாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் சித்தியின் தையல் வரிசையையே மூடிவிடுவேன் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். சித்தி சரியாகச் சாப்பிடவில்லை, அவளுக்கும் சேர்த்து நான்தான் சாப்பிட வேண்டியிருந்தது. அந்த நிலையில் அளவெடுக்க வந்தான் கட்டிங் மாஸ்டர். ஆளைப் பார்த்தால் நூல்கண்டுக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பான். டேப்பைச் சுற்றும்போதே, "என்ன அண்ணே, டேப் பத்துமா, இல்ல இன்னொன்னு எடுத்துட்டு வரட்டுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மானம் என்று ஒன்று இருக்கிறதே, மூச்சை ஒரு இழு இழுத்தேன். முப்பத்து நாலு என்று எழுதிக்கொண்டு டேப்பைச் சுருட்டினான். சித்தி மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், இருந்தாலும் எழுதிய அளவுக்கே மாதிரி ஜீன்ஸும் சட்டையும் தைத்தாள்.

மாதிரியைப் பார்த்து முடிவு சொல்லக் கடைக்காரர்கள் அனுப்பிய அம்மா வந்தார், மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி. என்னை வெட்டுமேஜையில் படுக்கப்போட்டு, இஸ்திரிக்காரரும் மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜிப்பை ஏற்றினார்கள். எழுந்து நடந்தேன் பார், சினிமாக்காரன் தோற்றான். அந்த அம்மா சட்டையைத்தான் முதலில் பார்த்தார், பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் கோடு பிசகாமல் சேர்ந்திருக்கிறதா, காலரின் இரண்டு முனையும் ஒரே அளவா என்று தடவித் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு போயிருக்கலாம். "கொஞ்சம் உக்காருங்க" என்றார். நிற்பதே நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். "பரவால்ல, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இடுப்புப் பட்டன் துப்பாக்கிக்குண்டு மாதிரி பறந்துபோய் இஸ்திரிக்காரரின் டீயில் விழுந்தது. முதலாளியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், சித்தி மிஷினை நிறுத்திவிட்டாள்.

அந்த அம்மாவே டேப்பை எடுத்து, "மூச்ச விடுங்க" என்றார். விட்டுவிட்டேன் என்றேன். அந்தக் கோடியிலிருந்து உன் சித்தி, "பொய் மேடம்! கல்யாணத்துல இழுத்த மூச்சு, இன்னும் உள்ளதான் வச்சிருக்காரு!" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததும் மூச்சும் போய்விட்டது, முப்பத்தெட்டு. எழுதிவைத்த முப்பத்து நாலை நம்பித் தைத்திருந்தால் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் பட்டன் பறந்திருக்கும் என்றார் அந்த அம்மா. பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, கண்ணாடியை இறக்கிப் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார். துணியைத் துணிக்குள் மடித்து இரட்டை வரியாக உன் சித்தி போட்ட தையல், ஒரு கண்ணிகூட விடவில்லை. பையின் மூலையில் போட்ட கெட்டித்தையலும் அசையவில்லை. "இந்த உடம்ப இது தாங்குச்சுன்னா எத வேணா தாங்கும். இத யாரு தச்சாங்களோ அவங்களே மொத்தத்தையும் தைக்கணும், அளவு மட்டும் வேற ஆள வச்சு எடுங்க" என்றார். ஆர்டர் கிடைத்துவிட்டது, மகளே. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வை என்று சொன்னாள். தையலின் பலம் வெளியே தெரியட்டும் என்றுதான் நான் மூச்சை இழுத்தேன் என்று எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். நம்புகிறவர்கள் நம்பினார்கள்.

இப்போது மாதிரி உடம்பு இஸ்திரிக்காரர், நானாகவே விட்டுக்கொடுத்தேன். எனக்கு அதைவிடப் பெரிய பதவி வந்திருக்கிறது. ஒவ்வொரு புது மாதிரியிலும் இரண்டு சைஸ் சின்னதாக ஒன்று தைத்து, என்னை மாட்டச்சொல்லி உட்காரவைக்கிறார்கள். கிழியாவிட்டால்தான் பாஸ். உனக்கும் சித்தி ஒரு ஜீன்ஸ் தைக்கப் போகிறாள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அளவெடுத்து அவளுக்கே நேராக அனுப்பு, நான் பார்க்க மாட்டேன். பல்லாண்டு நன்றாக இரு. வெந்நீர் குடி. எனக்கும் ஒரு பெல்ட் வாங்கி அனுப்பு, முப்பத்து நாலு போதும்.

இப்படிக்கு,
தையல் உறுதிப் பரிசோதனைத் தலைமை அதிகாரி,
உன் சித்தப்பா.

சித்தி எழுதுவது: நாப்பதா வாங்கும்மா.